கிழிசல் தொடங்கிய இடம்

"பானு எடுத்ததைப் பாருங்க ஜோஸ்பின். ஒரு கீறல் இல்ல."

பேராசிரியர் ராயப்பராஜ் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

திண்டுக்கல்லில் அந்தக் கல்லூரி ஆய்வகத்தில் ஜோஸ்பினுக்கும் பானுவுக்கும் ஒரே வேலை. ஒற்றை அணு தடிமனே உள்ள கார்பன் ஷீட்டைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, கிழியாமல் தகட்டில் ஏந்த வேண்டும். எஃகை விட உறுதிதான். ஆனால் ஒரு புள்ளியில் விட்டுப்போனால் கிழிசல் மறுகணமே கடைசி வரை ஓடிவிடும். கிழிந்தால், மைக்ராஸ்கோப்பில் பின்னோக்கிப் பார்த்து அது எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

பிள்ளை பெற்றுத் திரும்பியதிலிருந்து ஜோஸ்பினுக்குக் கை நடுங்கியது. இன்று எடுத்ததிலும் ஓரத்தில் ஒரு பொத்தல்; அது ஓடாமல் நின்றதே பெரிது.

"பயப்படாம எடுங்கக்கா," என்றாள் பானுப்ரியா.

"உனக்கென்ன, நிலக்கோட்டையில பூக்கட்டிப் பழகுன கை. எனக்கு ராத்திரியெல்லாம் தொட்டில் ஆட்டுற கை."

"அதான் அக்கா வந்தாலே பாப்பா வாசமும் கூடவே வருது."

பானு சிரித்தாள். ஜோஸ்பினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வருடம் ஆய்வகத்தில் ஒருவருக்குத்தான் இடம். இன்று யார் ஷீட் தேறுகிறதோ அவருக்கு.

"இதுவும் போச்சுன்னா பேசாம வீட்ல இருந்து பிள்ளையப் பாரு," என்று கணவன் ஜெரோம் காலையிலேயே சொல்லிவிட்டான்.

மதியம் எதிர்த்தெருவில் இருந்த வீட்டுக்கு ஓடினாள். குழந்தைக்குப் பால் கொடுத்து, உடம்பு துடைத்து, பவுடர் போட்டு, மாமியார் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடி வந்தாள்.

ஆய்வகத்தில் யாரும் இல்லை. பானு சாப்பிடப் போயிருந்தாள். அவள் தகடு மேசை மேல் இருந்தது.

கையுறை மாட்டக்கூட ஜோஸ்பின் நிற்கவில்லை. ட்வீசர் இடுக்கி நுனியால் ஒரே ஒரு குத்து. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

மூன்று மணிக்குப் பேராசிரியர் வந்தார். "பானு, உங்களத முதல்ல வைங்க."

பானு தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தாள். வெகுநேரம் நிமிரவே இல்லை.

"என்னம்மா?"

"தூசி சார்." தூசி ஊதும் ரப்பர் பந்தை எடுத்துக் காற்றடித்தாள். மறுபடியும் அடித்தாள். "கிழிஞ்சிருக்கு சார்."

அவர் பார்த்தார். "ஒரே புள்ளியில இருந்து நாலாபக்கமும் ஓடியிருக்கு. தானா கிழிஞ்சா இப்படி வராது. யாரோ குத்தியிருக்காங்க. யாரு தொட்டா?"

ஜோஸ்பின் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"நான்தான் சார்," என்றாள் பானு. "ட்வீசர் வழுக்கிருச்சு. சொல்லப் பயமா இருந்துச்சு."

"இம்புட்டு நாள் பழகிட்டு இப்படியா? சரி, பொத்தல் இருந்தாலும் ஜோஸ்பினோடதுதான் மிச்சம். இடம் அவங்களுக்கு."

சாயங்காலம் ஜோஸ்பின் வீட்டுக்குப் போகாமல் பானுவோடு பஸ் ஸ்டாப் வரை நடந்தாள். ஜோஸ்பினால் பொறுக்க முடியவில்லை.

"பானு... நீ எதுக்கு அப்படிச் சொன்ன?"

நிலக்கோட்டை பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்தபடியே பானு திரும்பினாள்.

"இனிமே பாப்பாவுக்குப் பவுடர் போட்டா கையக் கழுவிட்டு வாங்கக்கா. சார் பாக்குறதுக்குள்ள தகட்டுல இருந்தத ஊதி விடுறதுக்குப் பெரும்பாடாப் போச்சு."