தோள் அளவு

துப்பாக்கியைத் தோளில் வைத்தாள். வைத்த வேகத்தில் இறக்கிவிட்டாள்.

அவர் கவனித்தார். 

நல்லா இருக்குதுங்க என்றாள், அதை மேசைமேல் படுக்க வைத்தபடி.

முப்பத்தெட்டு வருடம் அவளோடு வாழ்ந்தவர். பிடிக்காத சேலை எடுத்து வந்தாலும் அவள் சொல்வது அந்த ‘நல்லா இருக்குது’தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட பட்டறை. தரையெல்லாம் தேக்குச் சுருள்.

மாரப்பன் பவுண்டரிகளுக்குப் பேட்டர்ன் செய்கிறவர். இரும்பை ஊற்றுவதற்கு முன்னால் அந்தச் சாமான் எப்படி வர வேண்டும் என்று மரத்தில் செய்து கொடுக்கிற வேலை. மோட்டார் பம்பின் வயிறு, வால்வின் கழுத்து என்று கோயமுத்தூரில் அவர் செய்யாத உருப்படி இல்லை. துப்பாக்கிக் கட்டை செய்தது மட்டும் இதுதான் முதல் தடவை.

சம்பூர்ணம் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவள். பயிற்சியில் சேர்ந்த அன்றைக்கு அவள் கையில் கொடுத்தது ராணுவம் கழித்துப் போட்ட பழைய த்ரீ நாட் த்ரீ. மூக்கு வரைக்கும் மரம் போர்த்திய துப்பாக்கி. அதில் சுட்டுத்தான் மாவட்டத்தில் முதலாவதாக வந்தாள். கல்யாணமான புதிதில் அவள் வலது தோள் எப்போதும் கன்றிப் போயிருக்கும். தைலம் தேய்த்துவிட்டது அவர்தான்.

ஓய்வுக்குப் பிறகு ரைபிள் கிளப்பில் சேர்ந்தாள். உரிமம் எடுத்து ஒரு பாயிண்ட் டூ டூ வாங்கினாள். கறுப்பு பிளாஸ்டிக் கட்டை, ஒல்லிக் குழல். சுடுகிற சாமான் மாதிரியா இருக்குது, குடை மாதிரி இருக்குது என்பாள். ஆனாலும் வாரம் தவறாமல் போனாள்.

ஆடியில் அவளுடைய வலது மார்பை எடுத்தார்கள்.

பிறகு போகவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு சேலை மாற்றினாள். கட்டுப் பிரிக்கிற நாளில் நர்ஸை உள்ளே விட்டாள். அவரை வெளியே உட்காரச் சொன்னாள்.

கார்த்திகையில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் கேட்டார். அந்தக் குடையை நான் த்ரீ நாட் த்ரீ ஆக்கித் தரட்டுமா? உள்ளே இருக்கிற இரும்பு அப்படியே இருக்கட்டும். மேலே மரத்தை மாற்றிவிடுகிறேன். பாயிண்ட் டூ டூ தோளில் உதைக்காது, டாக்டரிடமும் கேட்டுவிட்டேன்.

அவள் தட்டைப் பார்த்தாள். செஞ்சா அச்சு அசலா இருக்கோணும் என்றாள்.

உரிமம் அவள் பேரில். அவள் பக்கத்தில் இல்லாமல் அவர் அதில் கை வைக்கக் கூடாது. அதனால் தினமும் சாயங்காலம் பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள்.

வெறும் மரத்தை இழைக்கிற நாட்களில் துப்பாக்கி பீரோவுக்குள்ளேயே இருந்தது.

அந்த நாட்களிலும் வந்து உட்கார்ந்தாள்.

கண்ணை மூடிக்கொண்டு கட்டையைத் தடவுவாள். இந்த இடத்தில் இன்னும் ஒரு நூல் கனம் சீவி எடுக்கணும் என்பாள். எடுப்பார். மூக்கு இப்படிக் கூராக இருக்காது, முட்டினால் வலிக்காத மாதிரி மொண்ணையாக இருக்கும் என்பாள். மறுபடி செய்வார். எண்ணெய் மட்டும் எட்டுத் தடவை பூசினார்.

கடைசியாகப் பித்தளைத் தகடு. தோளில் பதிகிற அடிப்பக்கத்துக்கு.

அதற்கும் பேட்டர்ன் அவரே செய்தார். பவுண்டரியில் உலைக்குப் பக்கத்தில் நின்று ஊற்ற வைத்தார். முதல் இரண்டிலும் காற்றுக் குமிழி விழுந்தது. மூன்றாவது சுத்தமாக வந்தது. இரண்டு ஞாயிறு உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். அரசாங்கம் செய்தது மாதிரியே இருந்தது. அதைத் திருகி முடித்து, இன்றைக்குத்தான் அவளிடம் முழுசாக நீட்டினார்.

அவளோ தோளில் வைத்த வேகத்தில் இறக்கிவிட்டாள்.

இப்போது அவள் கை சேலைக்கு மேல் ஓரிடத்தை அழுத்திக்கொண்டிருந்தது.

தகடு குத்துதா என்றார்.



வெளியே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அது கிளம்பிப் போனது.

அவள் தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். மடிப்பு சரிந்தது. அவருடைய வலது கையைப் பிடித்து ரவிக்கையின் மேல் வைத்தாள். காறை எலும்புக்குக் கீழே, தழும்பு தொடங்குகிற இடத்தில்.

துணியையும் மீறித் தட்டுப்பட்டது. முறுக்கிய கயிறு மாதிரி.

ஏழு மாதமாக அவர் பார்க்காத இடம்.

“தகட்டோட கீழ்முனை இங்க வந்து ஏறுதுங்க. அதைச் சாய்ச்சு அறுத்துருங்க.”

அவர் தகட்டைப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் அதில் வழுக்கிக்கொண்டு போனது.

“அசல்ல அப்பிடி இருக்காதே, புள்ள.”

“நானும் அப்பிடி இல்லீங்களே.”

குரல் உடையவில்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள்.

அவருக்குத்தான் கண் மங்கியது.

எவ்வளவு அறுக்க வேண்டும் என்று விரலாலேயே அளந்தார். மேலே இரண்டு விரல், பக்கவாட்டில் ஒன்று. தழும்பைத் தொடாமல் தகடு பதிய இடம் இருந்தது. அறுத்துவிடலாம் என்றார்.

இடது கையால் மேசைமேல் பென்சிலைத் தேடினார். கிடைத்தது.

கோடு போடுவதற்கு வலது கை வேண்டும்.

அவள் அதை இன்னும் விடவில்லை.