ஏரம்பர் வெளிக்கிட்டார்

“நீர்வேலிக்கே வாழைப்பழம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறியள். நல்ல ஆள்தான்!”

வினிபிரட் மிஸி சிரித்தபடி பழச் சீப்பை வாங்கி மேசையில் வைத்தார். வீட்டின் இரண்டு பக்கமும் வாழைத் தோட்டம் என்பது அப்போதுதான் சோமசேகரத்தின் கண்ணில் பட்டது. அவசரமாகப் பையைத் துழாவி, அந்தத் தட்டுப்பாட்டு நாளில் பொன் பெறும் அரைக் கட்டி வாசச் சவர்க்காரத்தை எடுத்து நீட்டினார். மற்ற அரைக் கட்டி உடுப்பிட்டியில் அவர் வீட்டில் பத்திரமாக இருந்தது.

“அம்மானுக்கெண்டு கொண்டந்தனான், மிஸி. ஏரம்பருக்கு. நான் அவரின்ரை அக்காவின்ரை மோன்.”

“ஓ, நீங்களோ! மூண்டு வருசமா ஏரம்பர் படலையைப் பாத்துக்கொண்டிருந்தது உங்களுக்காகத்தானோ?”

வினிபிரட் மிஸி ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரித் தாதி. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருந்துகொண்டு தொலைவிலிருந்தே பாசம் காட்டும் சில முதியவர்களைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்து வந்தார். பிள்ளையே இல்லாத ஏரம்பரை அங்கே கொண்டுவந்து விட்டவர் மருமகன் சோமசேகரம்தான். “அடிக்கடி வருவன் அம்மான்” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அடிக்கடியில் முதல் தடவை வருவதற்கே மூன்று வருடம் பிடித்தது.

இப்போதும் சும்மா வரவில்லை. கனடாவுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் கொழும்பில் காத்திருந்தான். அடுத்த கிழமை போய்ச் சேராவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆளை ஏற்றிவிடுவான். ஆனால் போர் நடந்த அந்த நாளில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற, இயக்கத்தின் பாஸ் கந்தோர் என்ற அலுவலகத்தில் பாஸ் எடுக்க வேண்டும். பாஸ் எடுக்க ஊரில் ஒருவர் பிணை நிற்க வேண்டும். போனவர் திரும்பி வரும்வரை பிணை நின்றவர் ஊரை விட்டு அசைய முடியாது.

திரும்பி வருகிற யோசனை சோமசேகரத்துக்குத் துளியும் இல்லை. சொந்தக்காரர் எல்லாரும் அதை மணந்து பிடித்துக் கையை விரித்துவிட்டார்கள். மிஞ்சியவர் ஏரம்பர் ஒருவர்தான். இனி எங்கேயும் போகப் போகாத மனிதர். பிணைக்கென்றே கடவுள் படைத்துவிட்ட ஆள்!

“மிஸீ! என்ரை பல்லுச் செட்டை மார்க்கண்டர் போட்டுக்கொண்டிருக்கிறார்!” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

“சாப்பிட்டு முடியத் தருவார். பொறுங்கோ!” என்று மிஸி பதில் கொடுத்தார்.

அந்தக் கூச்சலுக்கு நடுவே சுவரைத் தடவிக்கொண்டு ஏரம்பர் வந்தார். சவரம் செய்த முகம், தோய்த்து மடித்த வேட்டி, தோளில் சால்வை. கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

“ஆரது? சோமுவோ?”

“நான்தான் அம்மான். இதென்ன, மாப்பிளை மாதிரி வெளிக்கிட்டு நிக்கிறியள்?”

“வெளிக்கிட்டுத்தான் நிக்கிறன். சொந்தமெண்டு சொல்ல ஒரு ஆள்தான் இல்லாமல் இருந்தது. நீ வந்திட்டாய்.”

சோமசேகரத்துக்கு நெஞ்சு குறுகுறுத்தது. ஏஜென்சிக்காரனை நினைத்ததும் அது சுகமாகிவிட்டது.

“மிஸி, அம்மானை நாளைக்கு ஒருக்கா வெளியிலை கூட்டிக்கொண்டு போகலாமோ?”

“எனக்கென்ன? அந்தா இருக்கிற ஐயா ஓம் எண்டால்தான் ஏரம்பர் வெளிக்கிடலாம்.”

மூலையில் ஒருவர் பனங்கட்டியைக் கடித்தபடி பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் பேனை. இந்த இல்லத்துக்குப் பொறுப்பான பெரிய மனிதராக்கும் என்று சோமசேகரம் முடிவு கட்டினார். அவர் மனம் குளிர்ந்தால் காரியம் முடிந்துவிடும்.

“நீங்கள் இவருக்கு என்ன முறை?” என்று அந்த ஐயா கேட்டார்.

“சொந்த மருமகன், ஐயா.”

“வந்து பாக்கிறனீங்களோ?”

“கிழமைக்கு ஒருக்கா...” மிஸி இருமினார். “...வர வேணுமெண்டு நினைக்கிறனான்.”

“இவருக்கு நீங்கள் பொறுப்பு நிப்பியளோ?”

“என்ன கேள்வி ஐயா! பொறுப்பு மட்டுமோ, உயிரையே குடுப்பன்.”

“பிறகு நீங்களும் வெளிநாடு அது இதெண்டு போயிட்டால்?”

சோமசேகரத்துக்குத் திக்கென்றது. அதை மறைக்கக் குரலை உயர்த்தினார்.

“நானோ? அம்மானை விட்டிட்டோ? இந்த மண்ணை விட்டு ஒரு அடி அசையமாட்டன். கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணட்டோ?”

“சத்தியம் வேண்டாம். அடையாள அட்டை போதும்.”

சோமசேகரம் பெருமையோடு எடுத்துக் கொடுத்தார். அந்த ஐயா அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஏரம்பர் தட்டுத்தடுமாறி மருமகனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“அப்ப சரிதானே, ஐயா? நாளைக்கு அம்மானைப் பாஸ் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போகட்டோ?”

“ஏன் வீணா அலையிறியள்? நடந்து வர ஏலாத வயசாக்களுக்கெண்டு பாஸ் கந்தோரிலை இருந்து நானே வீடு தேடி வந்திருக்கிறன்” என்று அவர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். “ஏரம்பர் நாளைக்கே கண் ஒப்பரேசனுக்குக் கொழும்புக்குப் போகலாம். அவர் திரும்பி வருமட்டும் பிணை நிண்ட நீங்கள் ஊரிலைதான் நிக்க வேணும். அட்டை எங்களிட்டை இருக்கும்.”

சோமசேகரம் அட்டையைத் திருப்பித் தரச் சொல்லிக் கையை நீட்டினார்.

ஏரம்பர் மேசையைத் தடவி வாழைப்பழச் சீப்பை எடுத்து, மருமகனின் கையிலேயே திரும்ப வைத்தார்.

“உதை நீயே சாப்பிடு, தம்பி. தனிய இருக்க அலுப்பெண்டால் என்ரை கட்டில் வெறுமையாக் கிடக்கு, வந்து படு. மிஸி நல்லாப் பாப்பார். நான் வரச் சுணங்கும்.”