முதல் மணியிலேயே எடுப்பவர்

“எல்லாரும் விலகிட்டாங்க. இந்த ஒருத்தர் மட்டும் ஏன் விலகலை?”

“போனவங்களை விட்டுட்டு இருக்கிறவரைக் குடையறியே! உனக்கு வேற வேலை இல்லையா?” என்றாள் அக்கா.

உண்மையிலேயே தங்கைக்கு வேறு வேலை இல்லை. காலையில் போன் போட்டு ஆட்களை எழுப்பிவிடும் சேவை அவர்களுடையது. தொடங்குமுன் வீடு வீடாகப் போய்க் கேட்டாள். ‘அருமையான யோசனை’ என்று சொல்லாத வாய் இல்லை. காசு என்றதும் பாதி வாய் மூடிக்கொண்டது. கட்டியவர்களும் கொஞ்ச நாளில் அலாரத்துக்கே திரும்பிவிட்டார்கள்.

“மூடிடலாம்டி. திங்கட்கிழமை நான் பழைய ஆபீஸ்லயே சேர்ந்துடறேன்.”

“ஏன் தோத்தோம்னு தெரியாம மூடினா, அடுத்ததும் இதே கதிதான்க்கா.”

“சரி, ஒரே ஒருத்தருக்காவது நாம நிஜமா வேணும்னு காட்டு. நான் போகலை.”

அந்த ஒருத்தர் ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர். இருவரும் போனபோது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அலமாரியில் இரண்டு அலாரம் கடிகாரங்கள். இரண்டும் ஜோராக ஓடிக்கொண்டிருந்தன. அக்கா தங்கையை இடித்தாள்.

“ஐயாவுக்குத் தூக்கம் அதிகமோ?” என்று ஆரம்பித்தாள் தங்கை.

“தூக்கமா? கோழிக்கே நான்தாம்மா விடிஞ்சுதுன்னு சொல்லணும்!”

“அப்ப பேச்சுத் துணைக்கா?”

“நீ பேசறதே ‘வணக்கம் ஐயா, எழுந்தாச்சா?’ அவ்வளவுதான். அதுக்கு ரேடியோ தேவலை.”

அக்காவின் முகத்தில் ‘பார்த்தியா’ என்று எழுதி ஒட்டியிருந்தது. தங்கைக்கோ மண்டை குடைந்தது.

“பின்னே எதுக்கு ஐயா மாசாமாசம் தவறாம கட்டறீங்க?”

அவர் கத்தியைக் கீழே வைத்தார். “நான் போனை எடுக்கலைன்னா என்ன செய்வீங்க?”

“மறுபடி கூப்பிடுவோம். அப்பவும் எடுக்கலைன்னா, நீங்க எழுதிக் கொடுத்த பக்கத்து வீட்டு நம்பருக்குப் போட்டுக் கதவைத் தட்டச் சொல்லுவோம். ஆனா நீங்கதான் முதல் மணியிலேயே எடுத்துடறீங்களே!”

“கடிகாரம் அதெல்லாம் செய்யாதும்மா. அடிச்சு ஓஞ்சுடும்.”

மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டார்.

“இந்த வீட்டுல நான் ஒருத்தன்தான். எழுந்திருக்கிற நாளுக்காக இல்லம்மா நான் கட்டறது. எழுந்திருக்காத அந்த ஒரு நாளுக்காக.”