வலப்பக்கத்துக் கலங்கரை விளக்கம்

"என்னங்க இது? கலங்கரை விளக்கம் வலப்பக்கம் நிக்குது!"

தெய்ஜிரோ விரித்த படத்தைப் பார்த்து லோர்னா கேட்டதும் ஊர் மன்றத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். இந்தத் துறைமுகத்தில் அது இடப்பக்கம். சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

மரக்கட்டையில் செதுக்கியதைத் தாளில் ஒற்றினால் இடம் வலமாகத்தான் விழும். அதனால் திருப்பிச் செதுக்க வேண்டும். முதல் நாள் பாடம் அது. கியோட்டோவிலிருந்து வந்தவர், பாரிஸ் வரைக்கும் படம் போனவர், தெய்ஜிரோ அதைப் போய் மறப்பாரா?

"மூடுபனில வரைஞ்சியாப்பா?" என்றான் மீன்பிடிக்கிற ஏங்கஸ். "நல்லவேளை, படகைத் தலைகீழா விடல!"

தெய்ஜிரோவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

லோர்னாவுக்குத்தான் ஆத்திரம். அவருக்காக மன்றத்தில் சண்டை போட்டவள் அவள்.

"முப்பது வருஷமா இருந்தும் வெளியூர்க்காரன்னுதான் சொல்றாங்கன்னு வருத்தப்பட்டீங்களே. மன்றத்து வாசல் சுவர்ல உங்க படம் ஏறிட்டா அந்தப் பேச்சே போயிடும். வெள்ளிக்கிழமை மாட்டணும், வேற கட்டை செதுக்குங்க."

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடியாதும்மா. ஒரு கட்டைக்கே மூணு மாசம் ஆச்சு."

"அப்ப வேற ஆள் படம்தான் மாட்டணும்."

"மாட்டுங்க."

படத்தைச் சுருட்டிக்கொண்டு போயே போய்விட்டார். என்ன திமிர்!

அவளுக்கு மனசு கேட்கவில்லை. பின்னாலேயே போனாள். பனிக்குள்ளே அவர் முதுகு கரைவதும் தெரிவதுமாக, ஏதோ கனவில் நடக்கிற மாதிரி இருந்தது. யூனிஸ் வீட்டுக்குள் நுழைந்தார்.

மீன் கொட்டகையில் விழுந்து முதுகெலும்பு முறிந்தவள் யூனிஸ். மூன்று வருஷமாக ஒரே பக்கமாகத்தான் படுக்கை. நாளைக்கு ட்ரூரோ பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். அங்கே கடல் கிடையாது.

தெய்ஜிரோ கட்டிலோரம் மண்டியிட்டுப் படத்தை விரித்தார். யூனிஸின் விரல் மெதுவாகக் கலங்கரை விளக்கத்தைத் தடவியது.

"இதேதான் தெய்ஜி! தினம் நான் பாக்குறது இதேதான். இனிமே எங்க கண்ணு முழிச்சாலும் என் கடல் என்கூட இருக்கும்டா."

வாசலில் நின்ற லோர்னாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இவளுமா பக்கத்தை மறந்துவிட்டாள்?

உள்ளே எட்டிப் பார்த்தாள். ஜன்னலும் கடலும் யூனிஸின் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

அவள் முகத்துக்கு நேரே, சுவரில் ஒரு கண்ணாடி மாட்டியிருந்தது.