அப்பாவுக்கு எதுக்கு கார்பெட்?

"அப்பா, எழுந்திரிங்க. கார்பெட்டை எடுத்தே ஆகணும்."

"காஞ்சிடும்மா. அதான் ஃபேன் ஓடுதுல்ல?"

"ரெண்டு நாளா ஓடுது. ஈரம் போகலை, கரண்டுதான் வீணாப் போகுது."

வாஷிங் மெஷின் குழாய் பிய்த்துக்கொண்டு, தண்ணீர் அப்பாவின் அறை முழுக்கப் பாய்ந்திருந்தது. சேதி கேட்டு மகள் ஓடி வந்தபோது, கால் வைத்த இடமெல்லாம் சளக் சளக் என்றது. இப்போது பூசண வாடை வேறு. அப்பாவுக்கோ இருமல் நின்றபாடில்லை.

கார்பெட்காரர் ஒரு மூலையைப் பிடித்து இழுத்துத் தூக்கினார். அடியில் கருப்புத் திட்டுகள்.

"மேல தொட்டுப் பார்த்தா காஞ்ச மாதிரிதான் இருக்கும். அடியில ஸ்பாஞ்ச் பூராத் தண்ணி. இதுக்கு மேல இதை வெச்சுக்கிட்டு இந்த ரூம்ல படுத்தா ஐயாவுக்கு ஆகாதும்மா."

"அப்படின்னா இன்னைக்கே புதுசு போட்டுடுங்க" என்றார் அப்பா.

"தரை நல்லாக் காயணும் ஐயா. ஒரு வாரமாவது ஆகும்."

"ஒரு வாரமா!"

அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்ததும் மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெறும் தரையில நடந்தா கால் தேஞ்சிடுமா? வேற எந்த ரூம்லயாவது கார்பெட் இருக்கா? அம்மா இருந்தவரைக்கும் ஒரு புதுத் தலையணைகூடக் கேட்டதில்லை நீங்க. அம்மா போனப்புறம்தான் இந்த ராஜ வாழ்க்கை!"

அப்பா கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு, கால்களைக் கட்டில் மேல் தூக்கிப் போட்டுக்கொண்டார்.

கார்பெட்டைத் துண்டு துண்டாக அறுத்துச் சுருட்டிக்கொண்டு கார்பெட்காரர் போய்விட்டார்.

"கீழ் வீட்டுக்குத் தண்ணி இறங்கலையே?" என்று கேட்டார் அப்பா.

"இறங்கியிருந்தா இந்நேரம் சண்டைக்கு வந்திருக்க மாட்டாங்களா?"

அம்மா போனதிலிருந்து அப்பாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. ஜன்னலிலிருந்து கதவு, கதவிலிருந்து ஜன்னல், பகலெல்லாம் நடைதான். நடக்காவிட்டால் கால் மரத்துவிடும், விடாமல் நடக்க வேண்டும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

இன்று கட்டிலை விட்டு இறங்கவில்லை. கட்டில் சட்டத்தை விரலால் தட்டினார். புரண்டு படுத்தார். எழுந்து உட்கார்ந்தார். திரும்பவும் படுத்தார்.

"இங்க பிடிக்கலைன்னா ஹாலுக்குப் போய் நடங்களேன்."

"சாயங்காலம் நடக்கறேன்."

"சாயங்காலம் மட்டும் தரை மெத்தையாயிடுமா?"

"விடும்மா."

சாப்பிடக் கூப்பிட்டபோது அவரால் எழுந்திருக்க முடியவில்லை. கால் மரக்கட்டையாகியிருந்தது. மகள் அதை மடியில் எடுத்து வைத்து, எண்ணெய் தேய்த்துவிட்டபடியே பொரிந்தாள்.

"இப்படியே இன்னும் ரெண்டு நாள் கிடந்தீங்கன்னா அப்புறம் நடையே மறந்துடும். ஒரு கார்பெட்டுக்காகவா இந்த வீம்பு? சின்னப் பிள்ளை தோத்தது போங்க!"

அழைப்பு மணி அடித்தது.

கீழ் வீட்டு நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள். தலை கலைந்திருந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன. மாடிப்படியில் ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

மகள் முந்திக்கொண்டாள். "தண்ணி உங்க வீட்டுக்கும் வந்துடுச்சா? மன்னிச்சுக்கம்மா, குழாய் திடீர்னு..."

"தண்ணியெல்லாம் இல்லைக்கா. அங்கிள் எங்கே?"

அவள் குரல் கேட்டதும் அறைக்குள்ளிருந்து அப்பா பதறினார்.

"நான் நடக்கவே இல்லைம்மா! கார்பெட்டை உருட்டின சத்தமாத்தான் இருக்கும். உன் தூக்கத்தைக் கெடுத்துட்டோமா?"

நர்ஸ் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். "ஒண்ணுமில்லை அங்கிள், சும்மாதான் வந்தேன்!"

மகள் அறையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "இவர் நடக்கறதுக்கும் உன் தூக்கத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"உங்களுக்குத் தெரியாதாக்கா? இவர் ரூமுக்குக் கீழதான் என் கட்டில். கைத்தடி டொக் டொக்குன்னு கேட்டா நான் முழிச்சுக்குவேன்னுதான் அந்தக் கார்பெட்டையே போட்டார். போட்ட அன்னைக்குக் கீழ இறங்கி வந்து, 'இப்பக் கேக்குதா பாரும்மா'ன்னார். துளிகூடக் கேக்கலை, தாராளமா நடங்க அங்கிள்னு சொன்னேன்."

மகள் தன் கையைப் பார்த்தாள். அவர் காலைத் தேய்த்த எண்ணெய் இன்னும் அவள் கையில் பிசுபிசுத்தது.

"அதான் இன்னைக்கு அசையாமக் கிடக்கறாரா? அப்புறம் உன் தூக்கத்தை வேற எது கெடுத்தது?"

நர்ஸ் அறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அவர்கிட்ட சொல்லிடாதீங்கக்கா. கார்பெட் போட்டும் சத்தம் நல்லாவே கேட்டுட்டுதான் இருந்தது. கேட்டுக் கேட்டு அது இல்லாம தூக்கம் வராதுன்னு ஆயிடுச்சு. இன்னைக்குக் காலையிலிருந்து அது கேக்கலையா, அங்கிளுக்கு என்னாச்சோன்னு ஓடி வந்தேன்."