தவிட்டுப்பாறைக்கு ஒரு கோடு

"வழி விடுங்க, சீக்காளி வருது!"

நாலு பேர் ஒரு டோலியைச் சுமந்துகொண்டு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். போடி நகரின் அடுத்த இருபது ஆண்டு வளர்ச்சித் திட்டத்துக்கு மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் அங்கே நடந்துகொண்டிருந்தது.

மூங்கில் கழியில் தொங்கிய கம்பளிக்குள் ஒரு இளம்பெண் கிடந்தாள். தலையையும் தாடையையும் சேர்த்துத் துண்டால் இறுகக் கட்டியிருந்தார்கள். கம்பளியிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டியது.

"மலைக்குளிரு இன்னும் விடலையாக்கும்" என்றார் முன்வரிசையில் இருந்த ஏலக்காய் வியாபாரி உக்கிரபாண்டி. "போன கூட்டத்துக்கு ஒரு ஊர்க்காரன் காலிக்கொடத்தத் தூக்கிட்டு வந்தான். இவங்க டோலியத் தூக்கிட்டு வந்துட்டாங்கப்பா!"

சிலர் சிரித்தார்கள்.

"நாடகமில்லண்ணே" என்றான் முன்னால் சுமந்து வந்தவன். முழங்கால் வரை சேறு. குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "எம் பேரு பாண்டித்துரை. இவ எம் பொண்டாட்டி பானுப்பிரியா. காச்சலு. தவிட்டுப்பாறையிலருந்து தூக்கிட்டு வர்றோம்."

நகரமைப்பு அலுவலர் ஈஸ்வரி மேடையிலிருந்து இறங்கி வந்தார். "ஆஸ்பத்திரிக்குப் போகாம இங்க எதுக்குய்யா வந்தீங்க?"

"இன்னைக்குத்தான் கடைசிக் கூட்டம்னாக. ஊருக்காரங்க நேர்ல வந்து சொன்னாத்தான் திட்டத்துல சேப்பீகளாமே."

அவர் உடனே ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். "வண்டி வருது. அதுக்குள்ள சொல்லுங்க. ஆனா ஒண்ணு, நடந்து முடிஞ்சதுக்கு எல்லாம் கலெக்டர் ஆபீஸ்லதான் மனுக் குடுக்கணும். இங்க இனிமே நடக்கப்போறத மட்டுந்தான் பேசணும்."

"தெரியும் மேடம். எங்க ஊரு முனியாயி டோலியிலயே செத்தத போன கூட்டத்துல வந்து சொன்னோம். இதையே சொல்லித்தான் அனுப்புனீக."

ஈஸ்வரி அவனை மேசைக்கு அழைத்துப் போனார்.

மேசை முழுவதும் வரைபடம். புறவழிச்சாலை, புதுப் பேருந்து நிலையம், ஏலக்காய் லாரிகள் நிறுத்த ஒரு பெரிய திடல். எல்லா வண்ணமும் மலையடிவாரத்தோடு முடிந்துவிட்டது. பாண்டித்துரையின் விரல் அதையும் தாண்டி, வெறும் வெள்ளைத் தாளில் போய் நின்றது.

"இங்கதான் நாங்க இருக்கோம். அடிவாரத்துலருந்து இதுவரைக்கும் ஒரு ஜீப்பு ஏறுற ரோடு."

"அது திட்ட எல்லைக்கு வெளியில. வனத்துறை சம்மதம் வேற வாங்கணும்..."

"கோடு போட்டாத்தான் மேடம் சம்மதம் கேக்கவே முடியும். கோடே இல்லாத ஊருக்கு எவன் வருவான்?"

இதற்குள் ஒரு பெண் தண்ணீர் பாட்டிலோடு டோலியின் பக்கம் குனிந்தாள். பானுப்பிரியாவின் அண்ணன் வீரணன் குறுக்கே கை நீட்டினான். "வேணாம் தாயி. குடிக்க மாட்டா." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

வாசலில் சைரன் கேட்டது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள். பாண்டித்துரை டோலிக்கு முன்னால் வந்து நின்றான்.

"மொதல்ல கோடு போடட்டும்."

மண்டபம் கொதித்துப்போனது. "அடப்பாவி! பொண்டாட்டி உசுர வச்சா பேரம் பேசுற? நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்று உக்கிரபாண்டி அவன் சட்டையைப் பிடித்தார். அவன் அசையவில்லை.

உக்கிரபாண்டி கையை விட்டுவிட்டு ஈஸ்வரியிடம் திரும்பினார். "மேடம், போட்டுத் தொலைங்க. எங்க லாரித் திடல வேணும்னாலும் எடுத்துருங்க. பச்சப்புள்ள மாதிரிக் கெடக்கா, கண்ணு முன்னால போயிறப்போறா!"

"போடுங்க! போடுங்க!" என்று மொத்தக் கூட்டமும் எழுந்துவிட்டது.

ஈஸ்வரி பென்சிலை எடுத்தார்.

"பென்சில் வேணாம் மேடம். அழிச்சிருவாக."

சிவப்புப் பேனாவை எடுத்தார். அடிவாரத்திலிருந்து வெள்ளைத் தாளுக்குள் கோடு வளைந்து வளைந்து ஏறியது. பிறகு மைக்கைப் பிடித்து, வீடியோவில் பதிவாகும்படி அறிவித்தார். "தவிட்டுப்பாறை இணைப்புச் சாலை, ஊர்மக்கள் நேரில் வந்து கேட்டுக்கொண்டபடி, திட்ட வரைவில் சேர்க்கப்படுகிறது."

கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. பாண்டித்துரை அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு டோலிக்குத் திரும்பி வந்து, மூங்கில் கழியின் முன்நுனியைத் தோளில் ஏற்றினான். வீரணன் பின்நுனியைப் பிடித்தான்.

"அதான் போட்டாச்சுல்ல! வெரசா வண்டியில ஏத்துய்யா!" என்று உக்கிரபாண்டி கத்தினார்.

"வண்டி வேணாம்ணே. வர்ற வழியிலயே அடங்கிட்டா."