பூட்டியிருந்த பெட்டி

டெக்சாஸில் ட்வெயின் சட்டைக்கடியில் துப்பாக்கி இல்லாமல் வெளியே போனதே கிடையாது. மகள் கேசியின் பள்ளி வாசலில் மட்டும், இறங்குமுன் அதைக் கழற்றி வண்டி இருக்கைக்கடியில் இரும்புப் பெட்டியில் பூட்டுவான். தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைத் துப்பாக்கியிலிருந்து உருவி, தோட்டா முனைகள் ஜன்னலைப் பார்க்கிற மாதிரி பக்கத்தில் வைப்பான்.

"யோசிக்காம செய்யணும், லோரீன். அப்பத்தான் மறக்காது."

"பல்லு விளக்கறத அப்படிப் பழகேன்," என்பாள் மனைவி.

ஜனவரியில் அவன் மாரடைப்பில் போய்விட்டான். அதிலிருந்து அந்தத் துப்பாக்கி லோரீனின் இடுப்பில் இருக்கிறது.

ஒருநாள் மதியம், கேசி ஊஞ்சலிலிருந்து விழுந்துவிட்டாள் என்று பள்ளியிலிருந்து அழைத்தார்கள். லோரீன் வண்டியை நிறுத்தியதும் இறங்கி ஓடினாள். பள்ளிக் கதவு திறந்தபோதுதான் துப்பாக்கி நினைவுக்கு வந்தது. அதோடு உள்ளே காலை வைத்தால் ஜெயில். முழங்கையால் இடுப்பைத் தொட்டாள். உறை காலியாக இருந்தது.

"என்னடி, பேயறஞ்ச மாதிரி நிக்கிறே?" என்றாள் அலுவலக மார்வா. "பிள்ளைக்கு உதடுதான் கிழிஞ்சிருக்கு. வா."

"இதோ வந்துட்டேன்."

வழியெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே வண்டிக்குத் திரும்பினாள். பெட்டி பூட்டியிருந்தது. ஒரே சாவி அவள் கழுத்துச் சங்கிலியில் தொங்கியது.

திறந்தாள். துப்பாக்கி உள்ளே இருந்தது. பக்கத்தில் மேகசின். அவள் எப்போதும் தோட்டா முனைகளைத் தன் பக்கம் பார்க்கத்தான் வைப்பாள். இப்போது அவை ஜன்னலைப் பார்த்தன.

சத்தம் வராமல் பெட்டியை மூடிப் பூட்டினாள். பிறகு காலி இருக்கையைப் பார்த்து, மெல்லக் கேட்டாள்:

"பல்லு விளக்குனியா?"